வடிகட்டியின் முதுகுத்தண்டு

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் வடிகட்டி. முகத்துக்கு நேரே 'சார்', முதுகு திரும்பியதும் வடிகட்டி. வலி என்று சொல்லிக்கொண்டு அவர் முதுகைத் திருப்புவதே அபூர்வம் என்பதால், பெயர் பரவக் கொஞ்சம் காலம் பிடித்தது.

பெயர் வந்ததற்குக் காரணம் அவர் ஜாவா என்கிற கணினி மொழியில் எழுதிய ஃபில்டர், அதாவது வடிகட்டி. ஒரு இணையதளத்தைத் திறக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே ஒரு மனிதன் நிம்மதியாக வாழ்ந்து முடித்துவிடலாம். இந்தக் கதைக்கு மட்டும் கொஞ்சம் தெரிய வேண்டியிருக்கிறது. அங்கே வருகிற கோரிக்கைகள் இரண்டு வகை. 'நாளைக்கு எலும்பு டாக்டரைப் பார்க்க நேரம் இருக்கிறதா' என்பது ஒரு வகை. அதற்கு நிரல் எழுந்து உட்கார்ந்து, கேட்பது யார் என்று பார்த்து, தரவுகளைத் துழாவி, யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். 'பக்கத்துக்கு என்ன நிறம், மேலே என்ன படம்' என்பது இன்னொரு வகை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அலமாரியில் இருப்பதை எடுத்துக் கையில் கொடுத்தால் முடிந்தது. யார் கேட்டாலும் அதே நிறம், அதே படம். ஆகவே இந்த இரண்டாவது வகைக்கு எல்லோரும் தனி வழி விட்டுவிடுவார்கள்.

வடிகட்டி விடவில்லை. வாசலில் ஃபில்டரை நிறுத்தி, எது கேட்டு வந்தாலும் முதலில் இதனிடம் வந்து ஆளைக் காட்டு என்று எழுதிவைத்தார். எழுதியது ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரக் குறியும்தான். ஜாவாக்காரர்களுக்கு அதன் பொருள் 'எல்லாமே'. அவர் எழுதிய வரிகளில் அவருக்கு மிகவும் பிடித்தது அது. கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர் அவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை.

வீட்டிலும் அதே வரிதான். தெருக்கதவில் கேமரா, அதன் எச்சரிக்கை அவர் போனுக்கு மட்டும். வருகிற பார்சலை அவர் பிரித்துப் பார்த்த பிறகே உரியவர் தொடலாம். வைஃபையின் பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றி, கேட்டவர்களுக்குக் காரணம் கேட்டுக் கொடுப்பார். அவர் மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை அடக்குகிற அந்த அம்மாள், வீட்டுக்கு வந்தால் பாஸ்வேர்டுக்காக நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் வீடு அவருடையது இல்லை. டீச்சரின் அப்பா கட்டியது. மாடியில் டீச்சரும் வடிகட்டியும். கீழே டீச்சரின் தம்பி. அந்தத் தம்பி வேலை பார்ப்பதும் வடிகட்டியின் அலுவலகத்தில்தான். இணையதளங்களுக்கு நிறம் பூசுவது, படம் வைப்பது, எழுத்தை அழகாக்குவது அவன் வேலை. அதாவது அலமாரியில் சும்மா இருக்கிற அந்த இரண்டாவது வகைக் கோப்புகள். வடிகட்டி அவனுக்கு பெயின்டர் என்று பெயர் வைத்தார். பெயின்டர் பதிலுக்கு, அலுவலகத்தில் எல்லோரும் 'சார்' என்று சொல்கிற இடத்தில் சத்தமாக 'அத்தான்' என்று கூப்பிட்டான். மீட்டிங் நடுவே அந்த 'அத்தான்' வந்து விழும்போது வடிகட்டியின் பதவி கொஞ்சம் கீழே இறங்கும்.

இருவருக்கும் நடுவே பழைய பகை ஒன்று உண்டு. அதன் பெயர் முதுகு.

கல்யாணமான புதிதில் வடிகட்டிக்கு முதுகில் பிடிப்பு வந்தது. பெரிய மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பிவந்தார். முதுகுத்தண்டில் தேய்மானம், இனி கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று தன் நோயாளி எண் போட்ட மருத்துவமனை அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டிவைத்தார். அன்றிலிருந்து தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் பெயின்டரின் தோளில் மாடி ஏறின. மாமனார் கடைசியாகப் படுத்தபோது அவரை நாற்காலியோடு மாடியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. மேல்பக்கம் பெயின்டர் பிடித்தான், கீழ்ப்பக்கம் டீச்சர் பிடித்தார். வடிகட்டி இரண்டு படி முன்னால் இறங்கியபடி, "மெதுவா, திருப்பத்துல பாத்து" என்று வழி சொன்னார். பெரியவர் திரும்பி வரவில்லை. அந்த வார்த்தை மட்டும் பெயின்டரின் காதில் தங்கிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் அதே பெரிய மருத்துவமனை, தனக்கு ஒரு இணையதளம் வேண்டும் என்று இவர்கள் நிறுவனத்துக்கு வந்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தே நேரம் குறித்துக்கொள்ளலாம், தங்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைத் தாங்களே பார்க்கலாம். பழைய படங்களையும் ஏற்றித் தருவோம் என்றது மருத்துவமனை. நிறுவனத்தை நடத்துகிற மேடம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்த வேலை முடிஞ்சதும் இங்க ஒரு ஆள்தான் தலைமை. இன்னொருத்தர் வெளியூர் கிளைக்குப் போகணும். யாருன்னு திறப்பு விழா அன்னிக்குச் சொல்றேன். சொந்தக்காரங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ல அடிச்சுக்கிறத எத்தனை நாள் பாக்கிறது?"

வெளியூர் கிளை என்பது ஒரு அறை, மூன்று நாற்காலி, கோபத்தோடு அனுப்பப்பட்ட இரண்டு பேர். வடிகட்டி வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"நான் போக வேண்டியிருந்தா நீயும் கூட வரணும்ல."

"எனக்கு இங்க ஸ்கூல் இருக்கு. அப்பா வீடு இருக்கு. நான் வரல."

"புருஷன் தனியா போய்ச் சமைச்சுச் சாப்பிடணுமா?"

"அப்ப போக வேண்டாத மாதிரி ஏதாவது பண்ணுங்க" என்றார் டீச்சர், சிவப்புப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல்.

ஆக, தோற்றால் வேலை போகாது, வீடு போகும். மனைவியும் வீட்டோடு இருப்பார். வடிகட்டி இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கணக்கை அவர் கணக்கு டீச்சரிடம் காட்டவில்லை.

வேலை ஆரம்பமானதுமே சண்டையும் ஆரம்பமானது. பெயின்டர், தன் படங்களையும் நிறங்களையும் ஒரு தனி ஃபோல்டரில் வைத்து அதற்கு மட்டும் ஃபில்டரிலிருந்து விலக்குக் கேட்டான்.

"எதுக்குத் தனியா? என் கண்ணுக்குத் தெரியாம எதைக் கொண்டுவரப் போற?"

"ஆஸ்பத்திரி லோகோவ, அத்தான். அத யாரும் திருடிட்டுப் போக மாட்டாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல தண்ணி குடிக்கிறதுக்கு டோக்கன் வாங்கி உக்காரச் சொல்வீங்களா?"

"சொல்வேன். யாரு எவ்வளவு குடிக்கிறான்னு தெரியணும்ல."

"அப்ப அவன் தாகத்துல போய்ச் சேந்துடுவான்."

"சேரட்டும். கணக்கு சரியா இருக்கும்."

தனி ஃபோல்டர் கிடைக்கவில்லை. லோகோ, பொத்தான், டாக்டர்களின் சிரித்த முகம், நோயாளிகளின் உடைந்த எலும்பு, எல்லாப் படங்களும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபில்டர். சோதனை என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் நடக்கும் என்றும் வடிகட்டி உத்தரவு போட்டார். அங்கே எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. தெரியாமல் என்ன செய்யும்? அவர் தன் கம்ப்யூட்டரில் லாகின் செய்தால் வெளியே வருகிற பழக்கமே கிடையாது. காலையில் உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டவன், கதவு திறக்குமா என்று எப்படிச் சொல்வான்?

பெயின்டர் மட்டும் ஒருநாள் மதியம் தன் போனில் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு இதுவரை படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம்.

திறப்பு விழா மருத்துவமனையின் கூட்ட அறையில். நீள மேசை, குளிர்ந்த காபி, சுவரில் பெரிய திரை. இயக்குநர் தடிமனான கண்ணாடி போட்ட பெரிய டாக்டர். அவரே தன் கையால் தளத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவர் தொட்டார். திரையில் ஒரு பக்கம் வந்து நின்றது.

நிறம் இல்லை. படம் இல்லை. வெள்ளைத் தாளின் இடது ஓரமாகக் கறுப்பு எழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, குளித்துவிட்டுத் துண்டைக் காணாமல் கொடியோரம் ஒடுங்கி நிற்கிற ஆளைப் போல நின்றன. லோகோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன உடைந்த சதுரம்.

வடிகட்டிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவர் முட்டாள் இல்லை. பிடிவாதக்காரர், அவ்வளவுதான். இயக்குநரின் பிரவுசர் நிறத்தைக் கேட்டிருக்கிறது. ஃபில்டர் வாசலில் மறித்து, நீ யார், முதலில் லாகின் செய் என்றிருக்கிறது. ஆனால் கேட்டதே லாகின் பக்கத்துக்கான நிறம். சட்டை போட்டவர்களுக்குத்தான் உள்ளே அனுமதி, சட்டையோ உள்ளே இருக்கிறது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பெயின்டர் காபியை ஊதிக்கொண்டிருந்தான். காபி ஆறிப்போய் வெகுநேரமாகியிருந்தது.

"தெரிஞ்சேதான் இருந்தியா?" என்றார் வடிகட்டி, பல்லுக்குள்.

"சோதனை உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தானே, அத்தான்" என்றான் அவன், அறைக்கே கேட்கும்படி. "வேணும்னா நான் சரிபண்ணட்டுமா? என் படத்தையெல்லாம் தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு..."

"நீ உன் டப்பாவ மூடிவை."

மேடம் இயக்குநரைப் பார்த்துச் சிரித்தார், பிறகு வடிகட்டியைப் பார்த்துச் சிரிக்காமல், "எவ்வளவு நேரம்?" என்றார்.

"இன்னொரு காபி சொல்லுங்க மேடம். அது வர்றதுக்குள்ள."

ஃபோல்டர் போட்டுப் பிரிக்க நேரமாகும். அதைவிட, அது பெயின்டர் சொன்ன வழி. வடிகட்டி தன் வழியில் போனார். ஃபில்டரில் ஒரு வரி சேர்த்தார். கேட்கப்படுகிற கோப்பின் பெயர் சிஎஸ்எஸ் என்றோ பிஎன்ஜி என்றோ முடிந்தால், அதாவது அது நிறமோ படமோ என்றால், எதுவும் கேட்காமல் விட்டுவிடு. காபி வந்தது. இயக்குநர் மறுபடி தொட்டார். நீல நிறம் பரவியது, லோகோ மலர்ந்தது, டாக்டர்கள் வரிசையாகச் சிரித்தார்கள். அறையில் கைதட்டல்.

"நெருக்கடியில நிதானமா இருக்கிற ஆள்தான் எனக்கு வேணும்" என்றார் மேடம், வெளியே வரும்போது. தீயை வைத்தவரே அணைத்தால் அதற்குத் தனி மரியாதை உண்டு போலும். "நீங்க இங்கயே இருங்க. உங்க மச்சினன் அடுத்த வாரம் கிளைக்குப் போகட்டும்."

பெயின்டர் மருத்துவமனை கேன்டீன் பக்கம் தனியாகப் போய் உட்கார்ந்தான். போனைக் கையில் எடுத்தான். அதை வடிகட்டி கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார், அழப் போகிறான் என்று நினைத்துத் திருப்தியோடு பஸ் ஏறினார்.

வழியெல்லாம் அவர் மனதுக்குள் ஒரே ஒத்திகை. 'உன் தம்பி பெட்டி கட்டணும்.' இதை வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்வதா, டீ குடித்துவிட்டுச் சொல்வதா? அனுதாபத்தோடா, சாதாரணமாகவா? கடைசியில், செருப்பைக் கழற்றியபடியே பேச்சோடு பேச்சாகச் சொல்வது என்று முடிவு செய்தார்.

செருப்பைக் கழற்றினார். "உன் தம்பி..." என்று ஆரம்பித்தார்.

டீச்சர் தன் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது யாருன்னு பாருங்க."

கறுப்புப் பின்னணியில் ஒரு முதுகெலும்பு. அடுக்கிவைத்த நூல்கண்டுகள் மாதிரி, ஒன்றுகூடச் சாயாமல் நேராக நின்றது. ஆனால் வடிகட்டியின் கண் எலும்புக்குப் போகவில்லை. தொழில்காரரின் கண், நேரே மேலே இருந்த முகவரிக்குப் போயிற்று. மருத்துவமனைத் தளம். ஒரு எண். கடைசியில் பிஎன்ஜி. லாகின் செய்ததற்கான அடையாளம் எங்கேயும் இல்லை.

படங்களை விட்டுவிடு என்று எழுதியிருந்தார். எக்ஸ்ரேயும் படம்தான். அந்த ஊரில் யாருக்கு எந்த எலும்பு முறிந்திருக்கிறது, யாருக்கு நுரையீரலில் என்ன இருக்கிறது, எல்லாம் மதியத்திலிருந்து திறந்து கிடக்கிறது. எண் தெரிந்தால் போதும்.

"அடியில எழுதியிருக்கே, அத வாசிங்க" என்றார் டீச்சர்.

அவர் வாசிக்கவில்லை. டீச்சரே வாசித்தார், வகுப்பில் வாசிக்கிற அதே நிதானத்தில். "முதுகெலும்பு இயல்பாக உள்ளது. குறைபாடு எதுவும் இல்லை. தசைப்பிடிப்பு மட்டும். தைலம் தடவவும்."

"இது... வேற யாரோடதாவது இருக்கும்."

"நம்பர் உங்களோடது. ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கீங்க."

வாசல்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. பெயின்டர் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். "தண்ணி கேன இறக்கி வெச்சுட்டு மூச்சு வாங்குற இடத்துக்கு நேர் எதிர்ல அந்த அட்டை, அத்தான். எத்தனை வருஷமா பாக்குறேன். என் போன் நம்பர் மறந்தாலும் அது மறக்காது."

"நீ மேடத்துக்குச் சொல்லாம வீட்டுக்கு அனுப்பினியா?" என்றார் வடிகட்டி. "ஊர்ல இருக்கிறவன் எக்ஸ்ரேயெல்லாம் திறந்து கிடக்குது, நீ குடும்பச் சண்டை போடுறியா?"

"நீங்க திறந்து விட்டதுதானே. எனக்கு உங்க ஒருத்தர் எலும்பு போதும். மத்தவங்களோடத நான் பாக்கல." இதைச் சொல்லும்போது அவன் கண் லேசாக விலகியது. ஒன்றிரண்டு பார்த்திருப்பான்.

டீச்சர் இருவரையும் பேசவிடவில்லை. "அப்பாவ இறக்கின அன்னிக்கு நான் கீழ்ப்பக்கம் பிடிச்சேன்" என்றார். குரல் உயரவில்லை. "நாற்காலி நழுவிடுமோன்னு பயந்தேன். நீங்க முன்னாடி நடந்தீங்க." அதோடு நிறுத்திவிட்டு, மேசையிலிருந்த விடைத்தாள் கட்டை ஓரமாக நகர்த்தினார். "இப்ப ரெண்டு பேரும் உக்காந்து அந்த ஓட்டைய அடைங்க. அப்புறம் மேடத்துக்கு நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

ஓட்டையை அடைக்க வடிகட்டி ஒருவரால் முடியவில்லை. அந்த வரியை எடுத்தால் தளம் மறுபடி அம்மணமாகும். வைத்தால் ஊரே அம்மணம். எது பூச்சுப் படம், எது நோயாளியின் படம் என்று பிரித்தாக வேண்டும். அது பெயின்டருக்குத்தான் தெரியும். ஒரே மேசையில், ஒரே விளக்கின் கீழே, அத்தானும் மச்சினனும் முழங்கை இடிக்காமல் உட்கார்ந்தார்கள்.

"இது?"

"பொத்தான். என்னோடது."

"இது?"

"யாரோட இடுப்போ. உள்ள வைங்க."

"இது?"

"அது டாக்டர் சிரிக்கிறது. வெளிய. இத நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னத மறுபடி சொல்லாத. அடுத்தது."

பெயின்டரின் கோப்புகள் ஒரு தனி ஃபோல்டருக்குப் போயின. அந்த ஃபோல்டருக்கு மட்டும் வழி திறந்தது. மற்ற எல்லாம் பழையபடி ஃபில்டருக்குப் பின்னால். முதல் வாரத்தில் அவன் கேட்டது அதுதான். வடிகட்டி கடைசி வரியைத் தட்டும்போது, யாரோ தன் விரலைப் பிடித்துத் தட்டவைப்பது போல உணர்ந்தார்.

போன் அவரே செய்தார். 'ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பித்தார். மேடம் சின்ன விஷயங்களை முழுதாகக் கேட்கிற ரகம். கேட்டு முடித்தார்.

"ஆஸ்பத்திரிக்கு நானே சொல்லிக்கிறேன். பொறுப்பான ஆள மாத்திட்டோம்னு சொல்லணும், இல்லைன்னா நம்மள மாத்திடுவாங்க. கிளைக்கு நீங்க போங்க. தம்பி இங்க இருக்கட்டும்."

"அவனுக்கு ஜாவா வராது மேடம்."

"கத்துக்குவான். உங்களுக்குப் படம் எதுன்னு தெரியலையே, நீங்க இத்தனை நாள் இருந்தீங்கல்ல."

அடுத்த வாரம் வடிகட்டி பெட்டி கட்டினார். இரண்டு பெட்டிகள். ஒன்றில் துணி, இன்னொன்றில் ஜாவாப் புத்தகங்கள். டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜில் அட்டை இருந்த இடத்தில் காந்தம் மட்டும் இருந்தது.

"லீவுல வருவேன்" என்றார் வடிகட்டி.

"வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க."

"ரெண்டு பெட்டி. தனியா எப்படி..."

டீச்சர் கைப்பையில் பேனாவைத் தேடியபடியே சொன்னார். "முதுகு நல்லாத்தான இருக்கு."

அவர் ஆளுக்கொரு கையாக இரண்டையும் தூக்கினார். பெட்டிகள் கனக்கவில்லை. கனத்திருந்தால் கொஞ்சம் முனகலாம் என்று நினைத்திருந்தார். படியில் பெயின்டர் அவருக்கு இரண்டு படி முன்னால், கையை வீசிக்கொண்டு இறங்கினான். திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"மெதுவா, அத்தான். திருப்பத்துல பாத்து."

தெருக்கதவை அவனே விரியத் திறந்து பிடித்துக்கொண்டான். எங்கே போறீங்க, எப்போ வருவீங்க என்று எதுவும் கேட்கவில்லை. வடிகட்டி வெளியே வந்து பெட்டிகளோடு தெருவில் நின்றார். சட்டைப்பையில் போன் சிணுங்கியது. பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு எடுத்துப் பார்த்தார். வாசலில் ஆள் நடமாட்டம் என்று கேமரா சொன்னது, படத்தோடு. இரண்டு கையிலும் பெட்டியோடு ஒருவர், நெட்டுக்குத்தாக, துளிக்கூட வளையாமல் நின்றிருந்தார். நல்ல தெளிவான படம்.